நாய்க்கு ஓயாத அரிப்பா? எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது

நாய் சொறிந்துகொண்டே இருக்கிறது, பாதத்தை நக்கி நக்கி முடி செம்பட்டையாகிவிட்டது, காதை உதறுகிறது, இரவில் அதுவும் தூங்குவதில்லை, வீட்டில் யாரையும் தூங்கவிடுவதுமில்லை. டாக்டரிடம் போனால் ஓர் ஊசி, பத்து நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் மறுபடியும் அதே சொறிதல். உடனே ஷாம்புவை மாற்றுகிறோம், சாப்பாட்டை மாற்றுகிறோம், யாரோ சொன்ன எண்ணெயைத் தடவுகிறோம், மூன்றையும் ஒரே வாரத்தில். அரிப்பு குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது, கூடினாலும் எதனால் என்று தெரியாது.

காய்ச்சல் மாதிரிதான் அரிப்பும். பின்னால் வேறு ஏதோ இருக்கிறது. நாய்களில் அந்த வேறு ஏதோ பெரும்பாலும் நான்கில் ஒன்று: ஒட்டுண்ணி, தொற்று, உணவு ஒவ்வாமை, சுற்றுச்சூழல் ஒவ்வாமை. சில நாய்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். இந்த நான்கையும் இதே வரிசையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் வேலை. ஒட்டுண்ணியை ஒழிக்காமல் உணவுச் சோதனை ஆரம்பித்தால் அந்த இரண்டு மாத உழைப்பும் வீண். வரிசைதான் முக்கியம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலில்: காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

முகம் திடீரென்று வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு எழும்புவது, கூடவே மூச்சுத் திணறல், வாந்தி, தள்ளாட்டம் என்றால் அது கடுமையான ஒவ்வாமை. அந்த நிமிடமே கிளம்புங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்தில் பெரிதாகிற, ஈரமாகக் கசிகிற, தொட்டாலே வலிக்கிற சிவந்த புண் வந்தால், அதாவது ஹாட் ஸ்பாட் வந்தால், அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் காட்ட வேண்டும். அரிப்போடு சோர்வு, காய்ச்சல், சாப்பிடாமல் இருப்பது எல்லாம் சேர்ந்திருந்தாலும் அப்படித்தான். மற்றபடி ஒன்றிரண்டு நாள் எடுத்து நிதானமாகக் கவனிக்க நேரம் இருக்கிறது.

உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்து எழுதிவையுங்கள்

நல்ல வெளிச்சத்தில் நாயைப் படுக்கவைத்து, மூக்கிலிருந்து வால் நுனி வரை முடியை விலக்கி விலக்கிப் பாருங்கள். காதின் உள்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கு, வாலுக்கு அடியில், கழுத்துப் பட்டைக்குக் கீழே, எதையும் விடக்கூடாது. எங்கே அரிக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதுகின் பின்பாதி, வால் தொடங்கும் இடம், பின்தொடை என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. காது மடலின் ஓரம், முழங்கை, வயிறு, இதோடு வெறி பிடித்தது போன்ற அரிப்பு என்றால் சொறிப்பூச்சி. நான்கு பாதம், முகம், காது, அக்குள், தொடை இடுக்கு என்றால் ஒவ்வாமை. முடி குறைவான வயிற்றுப் பக்கம் மட்டும், தரையில் படுகிற இடம் மட்டும் சிவந்திருந்தால், தரை துடைக்கிற திரவத்தை அண்மையில் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். ஒரே ஒரு பாதத்தை மட்டும் விடாமல் நக்கினால் ஒவ்வாமையைத் தேடிப் போகாமல் முள், வெட்டு, உடைந்த நகம், மூட்டு வலி இவற்றைத் தேடுங்கள். பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால் மலவாய்ச் சுரப்பி நிரம்பியிருக்கலாம், ஒவ்வாமை உள்ள நாய்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு.

வயதும் பேசும். ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் ஆரம்பிக்கிற அரிப்பில் சுற்றுச்சூழல் ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகம். ஏழு எட்டு வயதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாத நாய்க்குத் திடீரென்று அரிப்பு வந்தால், அதை வெறும் அலர்ஜி என்று முடித்துவிடாதீர்கள். ஹார்மோன் கோளாறு, அபூர்வமாகத் தோல் புற்றுநோய் வரைக்கும் காரணமாக இருக்கலாம். அரிப்பே இல்லாமல் முடி மட்டும் கொட்டினால் தைராய்டு போன்ற ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும், அது இந்த வழிகாட்டியில் வராது.

அப்புறம் ஒரு நோட்டு. தினமும் ஒரே நேரத்தில், 0 முதல் 10 வரை அரிப்புக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் எதையும் விட்டுவிட்டுச் சொறிந்தால் 10, சாதாரணமாக எப்போதாவது காதைச் சொறிவது 0 அல்லது 1. கூடவே என்ன சாப்பிட்டது, என்ன மருந்து போட்டீர்கள், எப்போது குளிப்பாட்டினீர்கள் என்று ஒரு வரி. வாரம் ஒருமுறை அதே இடங்களைப் படம் எடுத்து வையுங்கள். நாம் தினமும் பார்க்கிற உடம்பில் மெதுவாக நடக்கிற மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் இந்த நோட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

படி 1: தெள்ளுப்பூச்சி இல்லை என்று நம்பாதீர்கள், இல்லாமல் செய்யுங்கள்

எல்லோரும் சொல்வது, என் நாயிடம் ஒரு பூச்சிகூட இல்லை என்றுதான். தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், பல நாள் அரிக்கும். விடாமல் சொறிந்து கடித்துக்கொள்கிற நாய் அந்தப் பூச்சியைத் தானே விழுங்கியும் விடும். ஆகவே கண்ணில் படவில்லை என்பது ஆதாரமே ஆகாது.

சோதிக்க எளிய வழி: நெருக்கமான பல் உள்ள தெள்ளுச் சீப்பால் வால் பகுதியை வாருங்கள், விழுகிற கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் கழிவு, செரித்த இரத்தம். வெறும் மண்ணாக இருந்தால் அப்படிக் கசியாது.

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய விஷயம், நாயின் மேல் இருக்கிற வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் படுக்கையிலும் தரை இடுக்கிலும் சோபாவுக்கு அடியிலும் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி ஒரு நாளில் 40, 50 முட்டைவரை இடும். கூட்டுப்புழு நிலையில் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் எட்டாது, அது மாதக்கணக்கில் காத்திருந்து நாயின் அசைவும் சூடும் தெரிந்ததும் வெளியே வரும். மருந்து போட்டும் பூச்சி போகவில்லையே என்று மூன்றாவது வாரத்தில் கைவிடுகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

செய்ய வேண்டியது:

- டாக்டர் சொன்ன தெள்ளு மருந்தை, வயதும் எடையும் பார்த்து, இடைவெளி விடாமல் குறைந்தது மூன்று மாதம் கொடுங்கள். வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் அததற்குரிய மருந்து. ஒன்றை விட்டால் எல்லாம் வீண்.
- படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். தரை, இடுக்கு, மெத்தை எல்லாம் வேக்குவம் செய்து, சேர்ந்த குப்பையை உடனே வெளியே எறியுங்கள்.
- முதுகில் விடுகிற சொட்டு மருந்தானால் முடியைப் பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும். பொதுவாக முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, பெட்டியில் போட்டிருப்பதையும் படியுங்கள்.

நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து பூனைக்கு விஷம், உயிரே போகும். வீட்டில் பூனை இருந்தால் கடைக்காரரிடம் அதை வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள். அபோக்ஸோலேனர், ஃபுளூராலேனர், சாரோலேனர், லோட்டிலேனர் என்ற மாத்திரை வகை தெள்ளு, உண்ணி இரண்டுக்கும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வலிப்பு வந்த வரலாறு உள்ள நாயானால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்த வகை மருந்துகளால் நடுக்கம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது.

படி 2: கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி

சார்கோப்டிஸ் என்ற நுண்பூச்சி தோலுக்குள் குடைந்து வாழ்வது. அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு, 10க்கு 10. காது மடலின் ஓரத்தை விரலால் மடித்துத் தேய்த்தால் பல நாய்கள் பின்காலைத் தூக்கிச் சொறிவது போல ஆட்டும். உறுதியான சோதனை இல்லை, ஆனால் சந்தேகத்தைக் கூட்டும். உங்கள் கை, வயிறு, இடுப்பு ஆகிய இடங்களிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து அரிக்கிறதா? அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அது பெரிய தடயம். மனிதரிடம் இந்தப் பூச்சி நிலைத்து வாழாது, நாயைக் குணமாக்கினால் நமக்கும் அடங்கும்.

தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையில் இந்தப் பூச்சி பல நேரம் அகப்படாது. அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால், சோதனையில் இல்லை என்று வந்தாலும் மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் நடைமுறை. மேலே சொன்ன மாத்திரைகளே இதற்கும் பயன்படுகின்றன. கூடப் பழகுகிற எல்லா நாய்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி வேறு வகை. கண்ணைச் சுற்றியும் முன்காலிலும் முடி கொட்டும், தொற்று சேராதவரை பெரிதாக அரிக்காது, மற்ற நாய்க்குப் பரவாது. இதில் தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நிலைமை மோசமாகும். ஊசி போடும் முன் தோலைச் சுரண்டிப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தவறே இல்லை, நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணால் அளந்து யாரோ போட்டுவிடுகிற வழக்கம் ஆபத்தானது. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் இருக்கலாம். சொறிக்குக் கொடுக்கிற அளவில் அந்த மருந்து அவற்றின் மூளைக்குள் போய்க் கோமாவில் தள்ளிவிடும்.

வட்டமாக முடி கொட்டி, ஓரத்தில் செதில் இருந்தால் படர்தாமரையையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டும்.

படி 3: தொற்றை அடக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்

சொறிந்து புண்ணான தோலில் பாக்டீரியாவும் ஈஸ்ட் பூஞ்சையும் பெருகும், அதனால் இன்னும் அரிக்கும், இன்னும் சொறியும். அலர்ஜி மாத்திரை கேட்கவில்லை என்று சொல்லப்படுகிற பல நாய்களிடம் அடியில் இந்தத் தொற்றுதான் கிடக்கிறது. சீழ்ப்பரு, பொருக்கு, வட்டமாகத் தோல் உரிந்த விளிம்பு என்றால் பாக்டீரியா. எண்ணெய்ப் பிசுக்கு, புளித்த வாடை, விரலிடுக்கில் பழுப்புக் கறை, தோல் தடித்துக் கறுத்து யானைத் தோல் போலாவது என்றால் ஈஸ்ட்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் சைட்டாலஜி கேளுங்கள். ஒட்டுநாடாவையோ கண்ணாடித் தகட்டையோ தோலில் ஒற்றி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பது, அவ்வளவுதான். சில நிமிட வேலை, நாய்க்கு வலிக்காது. என்னைக் கேட்டால் ஒரு தோல் நோயாளி நாய்க்கு இதைவிடப் பயனுள்ள சோதனை வேறு கிடையாது, ஆனால் கேட்காவிட்டால் பல இடங்களில் செய்யவே மாட்டார்கள்.

மேலோட்டமான தொற்றுக்குக் குளியலே பெரிய மருந்து. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி 2 முதல் 4 சதவீதம் உள்ள ஷாம்பு, ஈஸ்ட் இருந்தால் மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் சேர்ந்தது. குளிப்பாட்டும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வெதுவெதுப்பைவிடக் குறைந்த நீரில் தோல்வரை நனையவிடுங்கள், வெந்நீர் அரிப்பைக் கூட்டும். மிகவும் பாதித்த இடத்திலிருந்து ஷாம்புவைத் தேய்க்க ஆரம்பியுங்கள், அங்கேதான் அதிக நேரம் இருக்க வேண்டும். நுரை வந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் விடுங்கள். பத்து நிமிடம் ரொம்ப நீளமாகத் தெரியும், பேசிக்கொண்டும் தடவிக்கொடுத்துக்கொண்டும் பிடித்துவைக்க வேண்டியதுதான். கண்ணில் படக்கூடாது, நக்கவிடவும் கூடாது. அப்புறம் ஷாம்பு துளியும் தங்காமல் அலசி, விரலிடுக்கையும் தோல் மடிப்பையும் ஒற்றித் துடையுங்கள். ஆரம்பத்தில் வாரம் இரண்டு முறை, அடங்கியதும் வாரம் ஒருமுறை.

நம்முடைய ஷாம்பு வேண்டாம், குழந்தை ஷாம்புவும் வேண்டாம். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் வேறு.

ஆழமான தொற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். கொடுத்தால் டாக்டர் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள். திரும்பத் திரும்ப வருகிற தொற்றுக்கு மாற்றி மாற்றி மாத்திரை எழுதுவதைவிட, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கல்ச்சர் செய்து பார்ப்பது நல்லது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் நாய்களிடமும் இப்போது இருக்கின்றன.

காதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். வாடை, பழுப்புக் கசிவு, தலையைச் சாய்த்து வைப்பது இருந்தால் டாக்டர் உள்ளே பார்த்துச் செவிப்பறை சரியாக இருக்கிறதா என்று சொல்லாமல் எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழமாகத்தான் போகும்.

இடையில், நாய் படும் பாட்டைக் குறைப்பது

காரணம் தெரியும்வரை அது துடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. தேவையான சோதனைகளை எடுத்தபின் சில நாள் அரிப்பை அடக்கும் மாத்திரை தரலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். கடித்துக் குதறுகிற நாய்க்குக் கூம்புக் காலர் மாட்டுங்கள், பாவமாக இருக்கிறது என்று கழற்றினால் ஐந்து நிமிடத்தில் ஒரு வாரக் குணம் போய்விடும். வெளியே போய்வந்ததும் பாதத்தையும் வயிற்றையும் ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஹாட் ஸ்பாட் வந்த இடத்தில் சுற்றிலும் முடியை மெஷினால் எடுக்க வேண்டும், நீர்த்த குளோர்ஹெக்சிடினால் துடைத்துக் காற்றாட விட வேண்டும், மூடிக் கட்டக் கூடாது. வலி அதிகமென்றால் முடி எடுப்பதை டாக்டரிடமே விட்டுவிடுங்கள், வலியில் எந்த நாயும் கடிக்கும்.

தடவவே கூடாதவை: மனிதர்களின் ஸ்டீராய்டு கிரீம், துத்தநாக ஆக்சைடு களிம்பு, டீ ட்ரீ எண்ணெய், புண்ணின் மேல் வினிகரோ எலுமிச்சையோ. எதைத் தடவினாலும் நாய் நக்கும், ஆகவே தடவுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும் என்றே கணக்கு வையுங்கள். சோரியாசிஸுக்குப் போடும் கால்சிபோட்ரையால் கிரீமைக் கொஞ்சம் நக்கினாலே நாய் இறந்துபோகலாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிற நாய்க்கு இபுபுரூஃபன் வகை சேர்ந்தால் இரைப்பையே ஓட்டையாகலாம். சளி மருந்தோடு கலந்த அலர்ஜி மாத்திரையும் வேண்டாம், அதில் உள்ள சூடோஎஃபெட்ரின் இதயத்தைப் பதம் பார்க்கும். சளி மருந்து கலக்காத தனி அலர்ஜி மாத்திரை, அதாவது ஆன்டிஹிஸ்டமின், ஆபத்து குறைந்தது, ஆனால் நாய் அரிப்பில் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

படி 4: உணவுச் சோதனை, எட்டு வாரம்

ஒட்டுண்ணியும் தொற்றும் போன பிறகும் ஆண்டு முழுக்க அரிக்கிறதா? இப்போதுதான் உணவின் முறை. கூடவே அடிக்கடி வாந்தி, இளகிய மலம், ஒரு நாளில் பலமுறை மலம் கழிப்பது இருந்தால் சந்தேகம் கூடும்.

இரத்தம், எச்சில், முடி இவற்றை அனுப்பி உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்கிற சோதனைகளில் பணத்தைப் போடாதீர்கள், அவை நம்பத்தக்கவை அல்ல. நம்பத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: நாய் இதுவரை சாப்பிட்டிராத ஒரு புரதம், அல்லது புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த ஹைட்ரோலைஸ்டு உணவு, இதை மட்டும் எட்டு வாரம். நாய்களிடம் அதிகம் ஒவ்வாமை தருவதாகத் தெரிந்தவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. பிராண்டை மாற்றியும் உள்ளே அதே கோழி என்றால் எதுவும் மாறவில்லை. இத்தனை வருடம் சாப்பிட்டதுதானே என்ற வாதமும் செல்லாது, பழகிய உணவுக்குத்தான் ஒவ்வாமை உருவாகிறது. கடையில் கிடைக்கிற ஒற்றைப் புரத உணவுகளில் மற்ற இறைச்சிகளின் கலப்பு இருந்ததாகப் பல சோதனைகள் காட்டியிருப்பதால், டாக்டர் எழுதித் தரும் உணவோ, அவர் சொன்னபடி வீட்டில் சமைத்ததோதான் பாதுகாப்பு. வளரும் குட்டிக்கு வீட்டுச் சமையலை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், சத்துக் குறைபாடு வரும்.

இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் வீட்டில்தான். குழந்தை போட்ட ஒரு பிஸ்கட், பக்கத்து வீட்டுக்காரர் அன்பாகக் கொடுத்த எலும்பு, பூனையின் கிண்ணம், இறைச்சி வாசனை சேர்த்த மாத்திரை, நாய்ப் பற்பசை, ஜெலட்டின் கேப்சூல், எல்லாமே கணக்கில் சேரும். வீட்டில் உள்ள எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு ஆரம்பியுங்கள், உடன்பாடு இல்லையென்றால் இன்னொரு மாதம் தள்ளிப்போடுவது மேல். தின்பண்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதே சோதனை உணவிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

எட்டு வாரத்தில் அரிப்பு குறைந்தால் வேலை முடியவில்லை. பழைய உணவைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அரிப்பு தணிந்தது பருவம் மாறியதாலோ குளியலாலோ இருக்கலாம் அல்லவா? பழைய உணவு கொடுத்து இரண்டு வாரத்துக்குள், பல நேரம் சில நாளிலேயே, அரிப்பு திரும்பினால்தான் உணவு ஒவ்வாமை உறுதி. அப்புறம் ஒவ்வொரு புரதமாக இரண்டு வாரம் கொடுத்து எது ஆகாது என்று பட்டியல் போடுங்கள். பலர் பயந்துகொண்டு இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள், நாய் வாழ்நாள் முழுக்கத் தேவையில்லாத பத்தியத்தில் கிடக்கிறது.

படி 5: மிச்சம் இருப்பது சுற்றுச்சூழல் ஒவ்வாமை

தூசிப் பூச்சி, மகரந்தம், பூஞ்சை வித்து இவற்றுக்குத் தோல் காட்டுகிற எதிர்ப்பு, பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மற்றவற்றைத் தள்ளிய பிறகுதான் இந்தப் பெயரை வைக்க முடியும். ஒவ்வாமை இரத்தச் சோதனையோ தோல் ஊசிச் சோதனையோ நோயைக் கண்டுபிடிக்க உதவாது, ஒவ்வாமைத் தடுப்பூசியில் (ஒவ்வாமை தரும் பொருளையே சிறு சிறு அளவில் கொடுத்து உடம்பைப் பழக்குவது) எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க உதவும். இது முற்றிலும் குணமாகும் நோய் இல்லை, ஆனால் பெரும்பாலான நாய்களை நன்றாகத் தூங்கி விளையாடும் அளவுக்குக் கொண்டுவர முடியும்.

பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மலிவு, வேகம், சந்தேகமே இல்லை. ஆனால் தாகம், சிறுநீர், பசி எல்லாம் கூடும், மாதக்கணக்கில் கொடுத்தால் தசை கரையும், தோல் மெலியும், சட்டென்று நிறுத்தவும் கூடாது. குறுகிய நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஓக்லாசிடினிப் மாத்திரை ஒரு நாளுக்குள்ளேயே அரிப்பைக் குறைக்கும், ஒரு வயது நிறையாத நாய்க்கும் கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் கொடுப்பதில்லை. லோகிவெட்மாப் என்ற ஊசி, அரிப்புச் செய்தியைக் கொண்டுபோகும் ஐஎல்-31 என்ற புரதத்தைப் பிடித்துவைக்கிறது, ஒரு தடவை போட்டால் 4 முதல் 8 வாரம் தாங்கும். சைக்ளோஸ்போரின் என்ற மருந்தின் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். ஒரு மருந்து கேட்காத நாய்க்கு இன்னொன்று கேட்கும், அதனால் சோர்ந்துபோக வேண்டாம்.

நாய் இளவயது, ஆண்டில் பாதிக்கு மேல் அரிப்பு என்றால் ஒவ்வாமைத் தடுப்பூசி சிகிச்சையைக் கட்டாயம் விசாரியுங்கள். காரணத்தையே மாற்ற முயல்வது அது ஒன்றுதான். பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்குப் பலன் தருகிறது, ஆனால் முடிவு தெரிய ஒரு வருடம்வரை ஆகலாம். ஒமேகா-3 மீன் எண்ணெயும் ஓரளவு உதவும், ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

அரிப்பு திரும்பினால்

நன்றாக இருந்த நாய் மறுபடி சொறிந்தால் மாத்திரை அளவைக் கூட்டச் சொல்லிப் போகாதீர்கள். தெள்ளு மருந்து நாள் தவறியதா, சீப்பில் ஏதாவது வருகிறதா, சைட்டாலஜியில் ஈஸ்ட் திரும்பியிருக்கிறதா, யாராவது பிஸ்கட் போட்டார்களா என்று அதே வரிசையில் மேலிருந்து ஆரம்பியுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் தோல் நோய்க்கென்றே சிறப்புப் படிப்பு படித்த கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போங்கள். போகும்போது நோட்டு, படங்கள், இதுவரை கொடுத்த மாத்திரைகளின் அட்டைகள் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் குளிப்பாட்டவோ காதைச் சுத்தம் செய்யவோ வேண்டாம். அவர் ஒற்றி எடுத்துப் பார்க்க வேண்டியது அந்த அழுக்கில்தான் இருக்கிறது.